கேம் கருவியின் மெமரி கார்டை முதலில் நகல் எடுங்கள்: அம்மாவின் ஆமையை நான் இழந்த அனுபவம்

அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறரைக்கு வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்டோ ஏறினால் ஏழு, ஏழேகாலுக்கெல்லாம் மெஷினில் இணைத்துவிடுவார்கள். அப்புறம் நான்கு மணி நேரம். நாங்கள் போகும் இடத்தில் நோயாளிக்குப் பக்கத்தில் ஒருவர் உட்காரலாம். எனக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை, மதிய ஷிப்ட். அதனால் நான்தான் கூடப் போவேன். ஆனால் அந்த நான்கு மணி நேரமும் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். திறந்தால் ஆபீஸ் மெசேஜ், மூடினால் ஆபீஸ் கால். ஒருநாள் அம்மா, "இங்க உக்காந்துகினு ஆபீஸ்லயே கீறியேடா" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அன்று முழுக்க அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

போனை பையில் போட்டுவிட்டு அம்மாவோடு சேர்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று தேடும்போதுதான் ஆர்36எஸ் கண்ணில் பட்டது. கையடக்க கேம் கருவி. மூன்றரை அங்குலத் திரை, ஒரு பழைய ராக்சிப் சிப், உள்ளே லினக்ஸ். எமுலேட்டர், அதாவது பழைய கேம் கருவிகளைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் மூலமாக நாம் சின்ன வயதில் ஆடிய டிவி கேம் முதல் பிளேஸ்டேஷன் 1 வரை ஓடும். குடியாத்தத்தில் நாங்கள் இருந்தபோது எதிர்வீட்டு அண்ணன் ஒரு சீன டிவி கேம் வைத்திருந்தார். காசெட்டின் மேல் "9999 இன் 1" என்று போட்டிருக்கும். உள்ளே போனால் பத்துப் பதினைந்து கேம்தான், அதுவே பெயர் மாறி மாறி வரும். கான்ட்ராவில் மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ அழுத்தினால் 30 உயிர் என்பதை அந்த அண்ணன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த நினைப்பிலேயே 3,650 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன்.

வாங்கியதிலேயே முதல் தவறு நடந்துவிட்டது. இந்தக் கருவிகளை வெளிநாடுகளில் பெரும்பாலும் அலி எக்ஸ்பிரஸ் என்ற சீன ஆன்லைன் கடையில் வாங்குகிறார்கள். 2020 நவம்பரில் அந்தச் செயலியை இந்தியாவில் தடை செய்துவிட்டதால் நமக்கு இங்கே கொண்டுவந்து விற்பவர்கள்தான் வழி. நான் விலையை மட்டும் பார்த்தேன். ஆர்36எஸ் என்ற பெயரில் ஒரே மாதிரி உறையோடு பல வகைச் சர்க்யூட் பலகைகள் சந்தையில் சுற்றுகின்றன. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. உள்ளே சர்க்யூட் பலகை வேறு, திரை வேறு. எனக்கு வந்தது அப்படி ஒரு நகல். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் "ஆர்க்ஓஎஸ் நேரடியாக ஓடுமா, பலகையின் எண் என்ன" என்று எழுத்தில் கேளுங்கள். ஆர்க்ஓஎஸ் என்பது இந்தக் கருவிகளுக்கான லினக்ஸ் இயங்குதளம். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். பட்டியலில் பிஎஸ்பி, டிரீம்காஸ்ட் போன்ற பெரிய கருவிகளின் கேம்களும் ஓடும் என்று எழுதியிருப்பார்கள். இந்த சிப்பில் அவை திணறும். பிளேஸ்டேஷன் 1 வரை என்று மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

பார்சல் வந்த அன்றே இரண்டாவது தலைவலி. சார்ஜ் ஏறவில்லை. என் போனின் சார்ஜர் இரண்டு பக்கமும் டைப்-சி. செருகினேன், விளக்கே எரியவில்லை. இரண்டு நாள் முயன்றுவிட்டு காகிதப்பட்டறை பக்கம் ஒரு செல்போன் சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். அவர் பிரித்துப் பார்த்து, "சார்ஜிங் ஐசி போயிருக்கும் தம்பி" என்று சொல்லி, பார்த்ததற்கு 200 ரூபாய் வாங்கினார். உண்மையில் எதுவும் போகவில்லை. டைப்-சி ஓட்டை உள்ள சார்ஜர், எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று உணர்ந்த பிறகுதான் மின்சாரம் விடும். அந்த உணர்வுக்குக் கருவியில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். மலிவுக் கருவிகள் பலவற்றில் அதை வைப்பதில்லை. பழைய அகலமான யுஎஸ்பி தலையுள்ள சார்ஜரில் அந்தச் சிக்கலே கிடையாது, 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். 150 ரூபாய்க்கு ஒரு பக்கம் அகலத் தலை, மறுபக்கம் டைப்-சி உள்ள கேபிள் வாங்கிச் செருகினேன். உடனே சிவப்பு விளக்கு எரிந்தது. புதுக் கருவி செத்துவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அதன் பிறகு வந்த நான்கு மாதங்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கேம் பாய் அட்வான்ஸ் என்ற பழைய கையடக்கக் கருவிக்கு வந்த போக்கிமான் ஃபயர்ரெட் கேமை ஆரம்பித்தேன். தொடக்கத்தில் மூன்று பிராணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்), ஊசி போட்டிருக்கும்போது அந்தக் கையை அசைக்கக்கூடாது. வலது கையின் விரலால் திரையில் இருந்த ஆமையைத் தொட்டுக் காட்டினார். பெயர் வைக்கச் சொன்னது. "குண்டன்" என்றார். ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும், வைத்தேன். அது 16ஆம் நிலையில் உருமாறி வால் பெரிதாகி அடர்ந்தபோது அம்மா சிரித்த சிரிப்பைப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். 36ஆம் நிலையில் முதுகில் இரண்டு பீரங்கி வந்தது. வீட்டில் சாப்பிடும்போதும் "குண்டன் இன்னா பண்றான்?" என்று கேட்பார். மே மாதத்தில் எட்டு பதக்கங்களில் ஏழு கிடைத்திருந்தன. கேம் காட்டிய கணக்கு 41 மணி நேரம். அதில் முக்கால்வாசி அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆடியது.

இப்போது நினைத்துப் பார்த்தால், கருவியின் மெமரி கார்டு தான் சாகப்போவதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஏப்ரலிலேயே கருவி திறக்க அதிக நேரம் எடுத்தது. சில கேம்களின் பெயர்கள் புரியாத குறிகளாக மாறின. ஒருநாள் காலையில் திறந்தால் முந்தைய நாள் சேவ் செய்த இடம் இல்லை, அதற்கு முந்தைய இடத்தில் நின்றது. நான்தான் சேவ் செய்ய மறந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். கருவியோடு வருகிற மெமரி கார்டுகள் பெரும்பாலும் பெயரே இல்லாத மலிவு கார்டுகள். அவை சாகும்போது பல சமயம் முதலில் இப்படித்தான் புதிதாக எழுதுவதை விட்டுவிடும், பழையதை மட்டும் காட்டும். இதில் எதைப் பார்த்தாலும் அன்று இரவே கார்டை நகல் எடுத்துவிட வேண்டும்.

சேவ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு ரொம்ப தாமதமாகத் தெரிந்தது. இரண்டு வகை சேவ் உண்டு. கேமுக்கு உள்ளேயே மெனுவில் போய்ச் செய்வது ஒன்று, எமுலேட்டர் அந்த நொடியை அப்படியே பிடித்து வைப்பது மற்றொன்று. இரண்டாவது வசதியானது, ஆனால் எமுலேட்டரின் பதிப்பு மாறினால் சில சமயம் திறக்காது. முதல் வகைதான் பெரும்பாலும் எங்கே கொண்டுபோனாலும் திறக்கும், அதன் கோப்பு .எஸ்ஆர்எம் என்று முடியும். ஆனால் கேமுக்குள் சேவ் செய்தவுடனே அது கார்டில் எழுதப்படும் என்று நினைக்காதீர்கள். இந்தக் கருவியில் எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருள் பொதுவாகக் கேமை விட்டு முறையாக வெளியே வரும்போதுதான் அதைக் கார்டில் எழுதும். சேவ் செய்துவிட்டு நேராக ரீசெட்டை அழுத்தினாலோ, பேட்டரி தீர்ந்து அணைந்தாலோ, அது போச்சு. கேமிலிருந்து வெளியே வந்து, மெனுவில் ஷட்டவுன் கொடுத்து, திரை முழுக்க இருண்ட பிறகு பையில் போடுங்கள்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மருத்துவமனையில் வைத்தே, லோகோவோடு நின்றுவிட்டது. அம்மாவிடம் சார்ஜ் இல்லை என்று சொன்னேன். ஷிப்ட் முடிந்து இரவு வீட்டுக்கு வந்ததும் கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டேன். விண்டோஸில் ஒரு பெட்டி வந்தது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? கார்டு கெட்டிருக்கிறது, இதுதான் பழுது பார்க்கும் வழி என்று நம்பி நான் சரி கொடுத்தேன்.

இதை இந்தக் கருவி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கார்டில் மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது பூட், கருவி விழித்தெழத் தேவையான சின்னச் சின்னக் கோப்புகள். இரண்டாவது ரூட், லினக்ஸ் இயங்குதளம். மூன்றாவது கேம்களும் சேவ்களும் இருக்கிற பெரிய பகுதி. நடுவில் உள்ள ரூட் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் முறையில் இருப்பதால் விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததைக் காலி டிஸ்க் என்று எடுத்துக்கொண்டு ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். கார்டு நன்றாக இருக்கும்போதும் அந்தப் பெட்டி வரும். எத்தனை முறை வந்தாலும் கேன்சல் மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

நான் சரி கொடுத்ததில் போனது ரூட் மட்டும்தான். கேம் பகுதி அப்படியே இருந்தது. குண்டன் அப்போதும் கார்டில் உயிரோடுதான் இருந்தான். அந்தப் பகுதியைத் திறந்து .எஸ்ஆர்எம் கோப்பை லேப்டாப்பில் இழுத்துப் போட்டிருந்தால் இரண்டு நிமிடம். எனக்கு அது தெரியவில்லை. ஆர்க்ஓஎஸ்ஸைப் புதிதாகப் பதித்தால் சரியாகிவிடும் என்று படித்தேன், பலேனா எட்சர் என்ற மென்பொருளில் அதன் இமேஜை, அதாவது முழுக் கார்டையும் ஒரே கோப்பாக்கிய நகலைத் தேர்ந்தெடுத்து, அதே கார்டின் மேலேயே எழுதிவிட்டேன். மூன்று பகுதிகளும் அதோடு போய்விட்டன. எழுதி முடித்துச் சரிபார்க்கும்போது பிழை என்று வேறு வந்தது. கார்டு ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்ததால் புதியதும் முழுதாக ஏறவில்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா கேட்டபோது உண்மையைச் சொன்னேன். "போனா போவட்டும் விடுடா" என்றார். அவர் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை. அன்றே டேட்டா மீட்கும் ஒரு இடத்தில் கார்டைக் கொடுத்தேன், 800 ரூபாய். நான்கு நாள் கழித்து ஒரு பென் டிரைவில் ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்தன, பெயர் எதற்கும் கிடையாது, வெறும் எண்கள். படம், பாட்டு மாதிரியான கோப்புகளுக்குத் தலைப்பகுதியில் ஒரு அடையாளம் இருக்கும், அதை வைத்து மென்பொருள் கண்டுபிடித்துவிடும். கேமின் சேவ் கோப்புக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. ஃபயர்ரெட் சேவ் சுமார் 128 கேபி இருக்கும் என்பதால் அந்த அளவுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றித் திறந்து பார்த்தேன். மூன்று இரவு. ஒன்றும் இல்லை. முக்கியமானது அழிந்துவிட்டால் அந்தக் கார்டில் அதன் பிறகு எதையும் எழுதாதீர்கள், வெளியே எடுத்து உறையில் போட்டு வைத்துவிடுங்கள். எழுதியதற்குப் பிறகு மீட்பதற்குக் கொடுக்கிற காசு பெரும்பாலும் வீண்.

அப்புறம் 780 ரூபாய்க்கு நல்ல கம்பெனி கார்டு 64 ஜிபி ஒன்று வாங்கினேன். இந்த முறை ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டி, கார்டு சொல்கிற அளவு உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் தொட்டேன். போலிக் கார்டு 64 என்று சொல்லும், உள்ளே எட்டு ஜிபிதான் இருந்தால் அதற்கு மேல் எழுதும்போது முன்னால் எழுதியதை அழிக்கும். சோதிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரவில் ஓட விட்டுத் தூங்கிவிடுங்கள். லேப்டாப்பில் கார்டு ஓட்டை சரியில்லாததால் 250 ரூபாய்க்கு ஒரு ரீடரும் வாங்கினேன்.

புதுக் கார்டில் ஆர்க்ஓஎஸ் ஏறியது. கருவியில் போட்டால் விளக்கு எரிகிறது, திரையில் வெளிச்சம் மட்டும், படம் வரவில்லை. அப்போதுதான் பலகை நகல் என்பதே எனக்குத் தெரிந்தது. பூட் பகுதியில் .டிடிபி என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். இந்தக் கருவியில் என்ன திரை, எந்தப் பொத்தான் எந்தக் கம்பியில் என்று லினக்ஸுக்குச் சொல்வது அதுதான். திரை மாறினால் அந்தக் கோப்பும் மாற வேண்டும். என் கருவிக்கான கோப்பு பழைய கார்டின் பூட் பகுதியில் இருந்தது. அதைத்தான் நான் அழித்திருந்தேன்.

வேறு வழியில்லாமல் பின்பக்கத் திருகுகளைக் கழற்றிப் பலகையில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்தேன். பார்த்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பேட்டரி உப்பியிருந்தது. லேசாகத்தான், ஆனால் விரல் வைத்தால் மெத்தென்று இருந்தது. வேலூர் வெயிலில் 40 டிகிரி தாண்டுவது மே மாதத்தில் சாதாரணம். ஷிப்டுக்குப் போகும்போது கருவியை வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, மதியம் முழுக்க அங்கேயே விட்டிருக்கிறேன். இரவு வந்து சூட்டோடு சூடாகச் சார்ஜ் போட்டிருக்கிறேன். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்யவே கூடாது. வண்டியில் வைக்காதீர்கள், ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள், பின்மூடி கொஞ்சம் தூக்கினாற்போல் இருந்தால் அன்றே ஆடுவதை நிறுத்துங்கள். புதுப் பேட்டரி 520 ரூபாய். வாங்கியதைச் செருகுவதற்கு முன் சிவப்பும் கறுப்பும் பழையதில் இருந்த அதே பக்கமா என்று பாருங்கள். பிளக் பொருந்திவிடும், ஆனால் சில பேட்டரிகளில் கம்பி இடம் மாறி வரும். செருகினால் பலகை போய்விடும். எனக்கு வந்ததிலும் மாறித்தான் இருந்தது, நல்லவேளை பார்த்தேன். உப்பிய பழையதைக் குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள், மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

பலகை எண்ணை வைத்துத் தேடியதில் அதே பலகை வைத்திருந்த ஒருவர் தன் .டிடிபி கோப்பைப் பகிர்ந்திருந்தார். பூட் பகுதியில் பழையதை எடுத்துவிட்டு அதை வைத்தேன். படம் வந்தது. ராத்திரி ஒன்றரை மணி, அம்மா தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை. கருவியின் விலை போக நான் செலவழித்தது 2,700 ரூபாய், மூன்று வாரம். இதில் டேட்டா மீட்கக் கொடுத்த 800 ரூபாயும் அலைச்சலில் பெரும்பகுதியும் முதல் நாளே சில மணி நேரம் ஒதுக்கியிருந்தால் தேவைப்பட்டிருக்காது.

அந்த முதல் நாள் வேலை இதுதான். கருவி வந்ததும் ஒரு கேம்கூட ஆடாமல் அணைத்து, கார்டை எடுத்து, வின்32 டிஸ்க் இமேஜர் என்ற மென்பொருளில் "ரீட்" கொடுத்து முழுக் கார்டையும் ஒரே கோப்பாக லேப்டாப்பில் எடுத்து வையுங்கள். கார்டு 64 ஜிபி என்றால் கோப்பும் அவ்வளவு பெரிதாக இருக்கும், இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதோடு பூட் பகுதியில் உள்ளவற்றைத் தனியாக ஒரு ஃபோல்டரில் நகல் எடுத்து மெயிலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், சின்னக் கோப்புகள்தான். பிறகு அந்த இமேஜை நல்ல கார்டில் எழுதி, அந்தக் கார்டில் ஆடுங்கள். ஆர்36எஸ்ஸில் இரண்டு கார்டு ஓட்டை உண்டு. இயங்குதளம் ஒன்றில், கேமும் சேவும் இன்னொன்றில் என்று பிரித்துவிட்டால் இயங்குதளக் கார்டு செத்தாலும் சேவ் தப்பிக்கும். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கருவியோடு ஏற்றி வருகிற ஆயிரக்கணக்கான கேம்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "9999 இன் 1" காசெட் மாதிரியே ஒரே கேம் பல பெயரில் இருக்கிறது என்பது ஒருபக்கம். அவற்றுக்கு உரிமையாளர்களின் அனுமதி கிடையாது என்பது இன்னொரு பக்கம். 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் இலக்கியப் படைப்பாகவே பாதுகாக்கிறது, கேமும் அதில் வரும். வாங்கும்போது நான் இதை யோசிக்கவே இல்லை. அனுமதியோடு கிடைக்கிற நல்ல கேம்கள் நிறைய இருக்கின்றன. டோபு டோபு கேர்ள் கேம் பாய்க்காக எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். 2019இல் வந்த மைக்ரோ மேஜஸை நம் பழைய டிவி கேமின் வரம்புக்குள், 40 கேபிக்குள் அடக்கியிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கினால் கோப்பே கையில் கிடைக்கும். என் தங்கை பையன் வந்தால் நாங்கள் இதைத்தான் ஆடுகிறோம்.

ஜூனில் ஒரு திங்கட்கிழமை மறுபடியும் ஃபயர்ரெட்டை ஆரம்பித்தேன். அம்மா இந்த முறை வேறு எதையாவது எடுக்கலாம் என்று நினைத்து மூன்றையும் காட்டினேன். யோசிக்கவே இல்லை, ஆமையைத்தான் தொட்டார். பெயர் கேட்டதற்கு, "அதே பேருதான், வேற இன்னா" என்றார். குண்டனுக்கு இப்போது 33ஆம் நிலை. ஞாயிறு இரவு அந்த ஒரு .எஸ்ஆர்எம் கோப்பை லேப்டாப்பிலும் போனிலும் நகல் எடுத்துவிடுகிறேன். திங்கள் காலை ஆட்டோவில் ஏறும்போதே அம்மா, "காப்பி எடுத்தியாடா?" என்று கேட்கிறார்.

என் பலகைக்கான .டிடிபி கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் கருவியிலும் வெளிச்சம் மட்டும் வந்து படம் வராமல் நின்றால், பின்மூடியைத் திறந்து பலகை எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒத்துப்போனால் அனுப்பி வைக்கிறேன்.